போகும் தூரமும் திரும்பும் தூரமும்

கிண்டியில் குடியிருப்பவர்களுக்குக் காற்றின் திசை தெரிய வானிலை அறிக்கை வேண்டியதில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். ஒரு முனைக்கு 07, மறு முனைக்கு 25 என்று பெயர். அந்த 25-ஆம் முனையிலிருந்து ஓடுபாதையை அப்படியே நீட்டிக் கோடு இழுத்தால் அது கிண்டி வீடுகளின் மொட்டை மாடிகளுக்கு மேலேதான் போகும். மேற்கிலிருந்து காற்று வீசினால் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து வந்து இறங்கும். கிழக்கிலிருந்து வீசினால் எங்கள் தலைக்கு மேலே எழும்பிப் போகும். இரண்டுக்கும் சத்தம் வேறு. மே, ஜூன் மாதங்களில் காலை முழுக்க இறங்கும் சத்தமாகவே கேட்டுக்கொண்டிருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஊருக்குள் நுழைந்ததும் சிறிது நேரம் ஒன்றும் வராது. பிறகு முழு விசையில் எழும்பும் இன்ஜின் ஓசை தொடங்கும். கட்டுப்பாட்டு அறையில் ஓடுபாதையை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். நான் வீட்டில் இருந்தாலும் அந்த நேரத்தில் மனசு வேலைக்குப் போய்விடும். இப்போது கிளம்பும் விமானத்துக்கு டாக்ஸி தூரம், அதாவது ஓடுபாதை வரை தரையில் ஊரும் தூரம், மாறியிருக்கும், நேரம் சில நிமிடம் மாறியிருக்கும் என்று கணக்கு ஓடும்.

என் தொழில் ஃப்ளைட் டிஸ்பாட்ச். விமானம் கிளம்புவதற்கு முன்னால் அது எந்த வழியில் போக வேண்டும், எந்த உயரத்தில் பறக்க வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும், போகும் இடத்தில் இறங்க முடியாவிட்டால் எங்கே போக வேண்டும் என்று திட்டம் போட்டு, கேப்டன் கையில் கொடுப்பது. பயணிகள் எங்களைப் பார்ப்பதில்லை. சன்னல் இல்லாத அறையில் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருப்போம். ஆனால் இதைவிட அழகான வேலை ஒன்றை நான் அறியேன். பூமியின் உருவமும் வானத்தின் காற்றும் ஒரே தாளில் சேர்ந்து வருவது இங்கேதான்.

வேலை பழக வந்த ஒரு பையன் ஒரு நாள் கேட்டான்: “சார், அகத்தியிலிருந்து போர்ட் பிளேருக்கு எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம் ஆகும்?”

நல்ல கேள்வி. அகத்தி லட்சத்தீவில் இருக்கிறது. போர்ட் பிளேர் அந்தமானில். 2024-இல் அந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் தமிழர்கள் நிறைய வாழும் அந்த ஊர் சென்னையில் பலர் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். ஒன்று அரபிக்கடலில், ஒன்று வங்கக்கடலில். இரண்டுக்கும் நடுவே நம் தீபகற்பம் முழுவதும் கிடக்கிறது. நேரடி விமானம் கிடையாது. இருந்தாலும் தூரம் என்று ஒன்று உண்டல்லவா, அதைப் போட்டுப் பார் என்றேன்.

பையன் கணினியில் அட்ச, தீர்க்க ரேகைகளைக் கொடுத்தான். சுமார் 2,240 கிலோமீட்டர் என்று வந்தது. கடல் மைலில் 1,210. இது பெருவட்டத் தூரம்: பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் வரும் கோடு. அந்தக் கோடு எங்கெங்கே போகிறது என்று வரைந்து பார்க்கச் சொன்னேன். எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்பவர்களுக்கு இந்தத் தொழிலின் ருசி தெரியாமலே போய்விடும். அகத்தியில் கிளம்பிய கோடு கோழிக்கோட்டுக்கு அருகே கரிப்பூர் விமான நிலையத்தை உரசிக்கொண்டு கேரளக் கரை ஏறுகிறது. கோயம்புத்தூருக்குச் சற்று வடக்கே தமிழ்நாட்டுச் சமவெளிக்கு வருகிறது. நாமக்கல்லை ஏறத்தாழத் தொட்டுப் போகிறது. சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவே, கொள்ளிடத்தின் பக்கமாக, மறுபடி கடலில் இறங்குகிறது. அதற்குப் பிறகு அந்தமான் வரை தண்ணீர்தான்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் இந்தப் பாதைக்கு ஏறக்குறைய இதே தூரம்தான் வரும். வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், கிழக்கு மேற்காக இந்த அளவு தூரம் போகும்போது உருண்டை நம்மை அதிகம் ஏமாற்றுவதில்லை. தில்லியிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போகும் பாதையில்தான் வரைபடக் கோடும் பெருவட்டமும் எங்கேயோ பிரிந்து போய், விமானம் வடதுருவத்துப் பக்கம் ஏறி இறங்கும்.

தூரம் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்பதையும் பையனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. விமான நிலையம் என்பது ஒரு புள்ளி இல்லை. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை மட்டுமே மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். அதனால் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு ஆதாரப் புள்ளி குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளி எந்தப் பூமி மாதிரியை வைத்துக் குறிக்கப்பட்டது என்பதும் முக்கியம். இந்திய நில அளவைத் துறை நெடுங்காலம் பயன்படுத்தியது 1830-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளம். விமானப் போக்குவரத்துக்கு உலகம் முழுவதும் டபிள்யூஜிஎஸ்-84 என்ற ஒரே மாதிரி என்று 1998-இலிருந்து நடைமுறை. பழைய மாதிரியில் எடுத்த தீர்க்க ரேகையை அப்படியே புதியதில் வைத்தால், நம் பக்கத்தில் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். ஓடுபாதையின் அகலமோ 45 மீட்டர்.

இந்தக் கணக்கெல்லாம் எங்கே தொடங்கியது என்பதற்குக் கிண்டிக்காரர்கள் தூரம் போக வேண்டாம். பரங்கிமலை ரயில் நிலையம் அடுத்த நிறுத்தம். 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல். கருவி, நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் வைத்து, தாங்கிகளின் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு அளந்தார்கள். சென்னை ஏப்ரல் வெயிலில். பூமியின் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்வது அவர் நோக்கங்களில் ஒன்று. அந்த ஒரு கோட்டிலிருந்துதான் முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளக்கப்பட்டது. இன்று அதே மலை அடிவாரத்தில்தான் ஓடுபாதை முடிகிறது. நான் தினமும் பயன்படுத்தும் கடல் மைல், பாகையை அறுபதாகப் பிரித்த ஒரு பங்கு, 1,852 மீட்டர். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் 740 கடல் மைல் என்றால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது 740 கலை, அதாவது 12 பாகைக்கும் சற்றுக் கூட. வானத்தில் கிலோமீட்டரைவிட இந்த அளவு ஏன் நிலைத்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சங்கிலி நினைவுக்கு வரும். 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னால் பொறியியல் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு இடம் மாறி வந்தது. அளப்பது இந்த வட்டாரத்துக்குப் பழைய பழக்கம்.

சரி, 2,240 கிலோமீட்டர். நேரம்?

ஜெட் விமானமாக இருந்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அகத்தி ஓடுபாதை 1,204 மீட்டர். மீனம்பாக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு முனையிலும் கடல். 1988-இல் சிறு விமானங்களுக்காகத் திறந்த நிலையம் அது. ஏ320 போன்ற ஜெட்டுகள் அங்கே இறங்க முடியாது. விசிறி வைத்த ஏடிஆர் போகும். அதுவும் அங்கிருந்து எழும்பும்போது எடையைக் குறைத்துக்கொண்டு. ஏடிஆரின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர், தொட்டி முழுக்க நிரப்பினால் 5 டன் எரிபொருள். குட்டை ஓடுபாதையில் அந்த 5 டன்னையும் ஏற்றி, ஆட்களையும் ஏற்றி எழும்ப முடியாது. ஆக, அகத்தியில் கிளம்பி நேரே போர்ட் பிளேர் என்பது தாளில் மட்டும் இருக்கும் பயணம்.

உண்மையில் எப்படிப் போவார்கள்? அகத்தியிலிருந்து கொச்சி, கொச்சியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து போர்ட் பிளேர். பையனை இந்த மூன்றையும் கூட்டச் சொன்னேன். ஏறத்தாழ 470, 520, 1,370. மொத்தம் சுமார் 2,360. நேர்கோட்டைவிட நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் அதிகம். அதாவது ஐந்து சதவீதம். பையன் நிமிர்ந்து பார்த்தான். மூன்று விமானம் மாறிப் போகும் சுற்றுவழி தூரத்தில் ஐந்து சதவீதம்தான் கூடுகிறது. நேரத்திலோ அந்தப் பயணிக்குப் பெரும்பாலும் ஒரு இரவே நடுவில் போய்விடும். அகத்தி விமானம் வரும் நேரத்துக்குள் சென்னையில் போர்ட் பிளேர் விமானம் போயிருக்கும். ஏன் அந்த விமானங்கள் பெரும்பாலும் காலையிலும் நண்பகலை ஒட்டியுமே போகின்றன என்று கேட்டால், அதற்குக் காரணம் தூரத்தில் இல்லை. அது எங்கள் மேசையில் இருக்கிறது.

முதலில் காற்று. சென்னை–போர்ட் பிளேர் 740 கடல் மைல், விமானத்தின் வேகம் 450 நாட், அதாவது மணிக்கு 450 கடல் மைல், என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக 1 மணி 39 நிமிடம், வரவும் அதே. எழும்புவதற்கும் இறங்குவதற்கும் பத்து நிமிடம் சேர்க்க வேண்டும், அது தனி. ஜூலை மாதத்தில் நம் தலைக்கு மேல் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. கீழே தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மேலே நேர் எதிர்த் திசையில். இந்த வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றோட்டத்தை 1958-இல் விளக்கி எழுதியவர் நம் வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம். அதன் உச்ச வேகம் 14 கிலோமீட்டருக்கும் மேலே. நாங்கள் பறக்கும் 11 கிலோமீட்டரில் அதன் அடிப்பகுதி மட்டும் கிடைக்கும். அதுவே 40 நாட் இருக்கலாம். அப்போது போகும்போது தரைமேல் வேகம் 410, திரும்பும்போது 490. போக 1 மணி 48 நிமிடம். வர 1 மணி 31 நிமிடம். ஒரே தூரம், பதினேழு நிமிடம் வித்தியாசம். இரண்டையும் கூட்டினால் காற்றில்லாத நாளைவிட ஒன்றரை நிமிடம் அதிகமாக இருக்கும். போகும்போது காற்று பிடுங்கிக்கொண்டதை வரும்போது முழுசாகத் திருப்பித் தருவதில்லை. எதிர்க்காற்றில் நீ அதிக நேரம் இருக்கிறாய், பின்காற்றில் குறைந்த நேரம். இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த நாளின் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

மேலே என்ன காற்று என்று எப்படித் தெரியும்? மீனம்பாக்கத்தில் வானிலைத் துறை காலை ஐந்தரையையும் மாலை ஐந்தரையையும் ஒட்டி பலூன் விடுகிறது. உலகம் முழுவதும் அதே கணத்தில் பலூன்கள் ஏறுகின்றன. அவை அனுப்பும் எண்கள்தான் கணினி மாதிரிகளுக்குள் போய், என் திரையில் பாதை நெடுக அம்புக்குறிகளாக வருகின்றன. ஆனால் பரங்கிமலை தாண்டிக் கிழக்கே 1,370 கிலோமீட்டருக்குப் பலூன் விட நிலமில்லை. அங்கே செயற்கைக்கோளும், முன்னால் போன விமானங்கள் அனுப்பிய காற்று விவரமும்தான் துணை. அதனால் காலையில் முதலில் போகும் விமானம் திரும்பியதும் அதன் கேப்டனிடம் கேட்பேன்: “சார், நடுக்கடல்ல விண்ட் எப்படி இருந்துச்சு?” பதில் கணினி சொன்னதோடு பொருந்தினால் அடுத்த விமானத்தின் தாளில் என் பேனா நிம்மதியாக ஓடும்.

காற்று நகர்த்தும் இன்னொரு விஷயம், சமநேரப் புள்ளி. கடலுக்கு மேலே ஏதாவது ஆனால், திரும்புவதா முன்னே போவதா என்று கேப்டன் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்தப் பதில் முன்கூட்டியே தாளில் இருக்க வேண்டும். திரும்பவும் முன்னே போகவும் ஒரே நேரம் ஆகும் இடம் எது? காற்றில்லாவிட்டால் சரிபாதி, 370 கடல் மைலில். மேலே சொன்ன ஜூலைக் காற்றில் கணக்குப் போட்டால் அது சென்னையிலிருந்து 403 கடல் மைலுக்கு நகர்ந்துவிடும். அங்கிருந்து சென்னைக்கு 49 நிமிடம். எதிரே 337 கடல் மைலில் இருக்கும் போர்ட் பிளேருக்கும் 49 நிமிடம். தூரத்தில் பக்கமாக இருப்பது நேரத்தில் பக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு இன்ஜின் நின்றால் வேகம் குறையும், உயரம் குறையும், கீழே வேறு காற்று. அதற்குத் தனிக் கணக்கு. இரட்டை இன்ஜின் விமானம் ஒற்றை இன்ஜினில் 60 நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட முடியாத இடத்துக்குப் போவதென்றால் சிறப்பு அனுமதி வேண்டும். ஏ320 ஒற்றை இன்ஜினில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 400 கடல் மைல் போகும். சென்னை–போர்ட் பிளேரின் நடுப்புள்ளி இரண்டு கரையிலிருந்தும் 370. வங்கக்கடல் அந்த வட்டங்களுக்குள் சற்றே இடம் விட்டு அடங்கிவிடுகிறது.

இனி, என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் வரி: ஆல்டர்நேட். மதுரைக்கு விமானம் போகிறது, அங்கே இறங்க முடியவில்லை என்றால் திருச்சி இருக்கிறது, 125 கிலோமீட்டர். கால் மணி நேரம். போர்ட் பிளேரில் இறங்க முடியவில்லை என்றால்? விசாகப்பட்டினம் சுமார் 1,225 கிலோமீட்டர். கொல்கத்தா 1,300. சென்னை 1,370. நடுவில் ஒன்றும் இல்லை. அதாவது போர்ட் பிளேருக்குக் கிளம்பும் விமானம், அங்கே போய்ச் சேர்ந்து, ஓடுபாதையைத் தலைக்கு மேலிருந்து பார்த்துவிட்டு, மறுபடி நாட்டின் கரைக்கே திரும்பி வரும் அளவுக்கு எரிபொருளோடு கிளம்ப வேண்டும்.

அந்தத் தாளின் எரிபொருள் பகுதியை ஒரு முறை மேலிருந்து கீழே படித்துப் பார்க்கலாம். டாக்ஸிக்கு 200 கிலோ. பயணத்துக்கு ஏறத்தாழ 4,800. கன்டின்ஜென்சி, பயண எரிபொருளில் ஐந்து சதவீதம், 240. ஆல்டர்நேட்டுக்குக் கிட்டத்தட்ட பயணத்துக்கு ஆனதே, 4,500-க்குக் குறையாது. கடைசியாக ஃபைனல் ரிசர்வ், 1,500 அடி உயரத்தில் அரை மணி நேரம் வட்டமடிக்க, 1,100. அதைத் தொடும் நிலை வந்தாலே அவசரநிலை அறிவிக்க வேண்டும். மொத்தம் 11 டன்னை ஒட்டி. இதில் பாதிக்கு மேல் ஒன்றும் நடக்காத நாளில் தொடப்படவே தொடப்படாது. அந்தப் பாதியைத் தூக்கிக்கொண்டு போவதற்கே தனியாக எரிபொருள் எரியும்: மணிக்கு அதன் எடையில் சுமார் மூன்று, நான்கு சதவீதம்.

எடைதான் இதில் கஷ்டமான பகுதி. விமானம் எழும்புவதற்கு ஓர் உச்ச எடை உண்டு, இறங்குவதற்கு அதைவிடக் குறைந்த ஓர் உச்ச எடை உண்டு. மதுரைக்குப் போகும் விமானம் இறங்கும்போது தொட்டி பாதிக்குமேல் காலி. போர்ட் பிளேரில் எல்லாம் நல்லபடியாக நடந்து இறங்கும்போதும் திரும்புவதற்கான ஐந்து ஆறு டன் தொட்டியிலேயே இருக்கும். ஆட்கள் நிறைந்த விமானத்தில் இறங்கும் எடை வரம்பைத் தொட்டுவிடும். அப்போது சரக்கைக் குறைக்க வேண்டும். தீவில் காய்கறிக்கும் மருந்துக்கும் இந்த விமானங்களை எதிர்பார்த்திருப்பவர்கள் உண்டு. கப்பல் என்றால் சென்னையிலிருந்து சுமார் மூன்று நாள். சரக்குப் பிரிவிலிருந்து போன் வரும்: “ஐந்நூறு கிலோ ஏத்தலாமா சார்?” வானிலை தெளிவாக இருக்கும் நாளில் ஏற்றலாம் என்று சொல்ல முடிவதே எனக்கு ஒரு சந்தோஷம். மேகம் கட்டியிருக்கும் நாளில், வட்டமடிக்கக் கூடுதலாக இருபது நிமிட எரிபொருள் போடுவேன். அன்று அந்த ஐந்நூறு கிலோ நிற்கும். இந்த முடிவை எடுக்கும்போது நான் யாரோடும் வாதாடுவதில்லை, தாளைக் காட்டுவேன்.

திரும்பி வருவது தாளில் மட்டும் இருக்கும் கற்பனை இல்லை. தென்மேற்குப் பருவம் வலுக்கும் நாட்களில் போர்ட் பிளேர் வரை போய், காற்று வரம்பை மீறியதால் இறங்காமல் சென்னைக்கே திரும்பிய விமானங்கள் உண்டு. பின்காற்றோடு இறங்க ஏ320-க்கு வழக்கமான வரம்பு 10 நாட். குன்றுகள் சூழ்ந்த தீவு ஓடுபாதையில் பிற்பகலில் காற்று அதைத் தாண்டுவது சாதாரணம். அந்த விமானங்களில் இருந்தவர்களுக்கு அது நான்கு மணி நேர வீண் அலைச்சல். கோபம் வரும், நியாயம்தான். எனக்கு அது அந்தத் தாள் சொன்னபடி நடந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன நாள். அட்டவணை போடுபவர்கள் போர்ட் பிளேருக்குக் காலையைத் தேடுவதற்கும் இதுவே காரணம்.

இதனால்தான் பையனிடம் சொன்னேன்: ஓர் ஊர் எவ்வளவு தொலைவு என்பதை அங்கே போகும் தூரத்தை வைத்து முடிவு செய்யாதே; அங்கே இறங்க முடியாமல் போனால் அடுத்த இடம் எவ்வளவு தூரம் என்று பார். அப்படிப் பார்த்தால் உலகத்திலேயே தொலைவான ஊர்களில் ஒன்று சிலி நாட்டின் ஈஸ்டர் தீவு. சந்தியாகோவிலிருந்து சுமார் 3,750 கிலோமீட்டர். சுற்றிலும் பசிபிக், போக வேறு இடமே இல்லை. இப்படிப்பட்ட இடங்களுக்கு விதியே வேறு. ஆல்டர்நேட் கிடையாது, அதற்குப் பதில் தீவின் மேல் இரண்டு மணி நேரம் பறந்துகொண்டிருக்கப் போதுமான எரிபொருளோடு போக வேண்டும், வழியில் திரும்ப முடியாத புள்ளியைத் தாண்டுவதற்கு முன் தீவின் வானிலையைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். போர்ட் பிளேர் அந்தக் கணக்கில் வராது. கரை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் முழுக் கைநீட்டலில்.

இதற்கு நேர் எதிரான ஓர் ஊரையும் அவனுக்குக் காட்டினேன். யாழ்ப்பாணத்துப் பலாலி. சென்னையிலிருந்து சுமார் 355 கிலோமீட்டர், மதுரையைவிடப் பக்கம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பு இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது. பின்னாளில் பல பத்தாண்டுகள் அந்த 355 கிலோமீட்டரைக் கடக்க விமானம் இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியவர் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து சாலையில் அல்லது ரயிலில் வடக்கே நாளெல்லாம் திரும்பிப் பயணம் செய்தார். போர்க்காலத்தில் அதுவும் அடைபட்டது. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னையிலிருந்து ஏடிஆர் போகத் தொடங்கியது. கோவிட் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. ஒன்றேகால் மணி நேரப் பயணம். அந்தத் தடத்துக்கு ஒரு ஃப்ளைட் பிளான் போட்டால் அது மிகச் சாதாரணமாக இருக்கும்: கொஞ்சம் எரிபொருள், பக்கத்திலேயே ஆல்டர்நேட், காற்றால் இரண்டு மூன்று நிமிட வித்தியாசம். எங்கள் கணக்கில் எந்த வரியிலும் அந்தப் பல பத்தாண்டுத் தொலைவு தெரியாது. அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

பையனுக்கு இன்னும் அகத்தி விடவில்லை. ஒரே நாளில் போக முடியுமா முடியாதா என்று கேட்டான். சரி, தனி விமானங்கள் ஏற்பாடு செய்ததாக வைத்துக்கொண்டு, டிசம்பர் நாள் ஒன்றுக்குத் திட்டம் போடு என்றேன். அங்கேதான் சூரியன் உள்ளே வந்தது. அகத்திக்கும் போர்ட் பிளேருக்கும் தீர்க்க ரேகையில் இருபதரை பாகை இடைவெளி. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 82 நிமிடம். நாடு முழுவதும் ஒரே கடிகாரம். சூரியனோ தன் கணக்கில்தான் போகிறது. டிசம்பர் கடைசியில் அகத்தியில் சூரியன் உதிக்க ஏறத்தாழ 6 மணி 55 நிமிடம் ஆகும். போர்ட் பிளேரில் மாலை ஐந்து மணிக்கு மறைந்துவிடும். மேற்கிலிருந்து கிழக்கே பகலோடு போக விரும்புபவருக்கு நாட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே பத்து மணி நேரம்தான் இருக்கிறது.

பையன் எழுதினான். அகத்தி 7:15. கொச்சி 8:35, அங்கே ஏடிஆரை விட்டு ஜெட்டுக்கு மாற ஒரு மணி ஐந்து நிமிடம். கொச்சி 9:40, சென்னை 11:00. எரிபொருள் ஏற்ற 40 நிமிடம், சென்னை 11:40. போர்ட் பிளேர் 13:50. வெளிச்சம் மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம். எழுதி முடித்துப் பேனாவை வைக்கவில்லை. அடியில் இன்னொரு வரி தானாகவே சேர்த்தான்: தீவின் மேல் 13:45, அரை மணி நேரம் வட்டமடித்துப் பார்த்து இறங்க முடியாவிட்டால் 14:15-க்குத் திரும்புதல், சென்னை 16:05. டிசம்பரில் சென்னையில் சூரியன் மறைய அப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். தாளை வாங்கிப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.